ஏடிஎம் கார்டு தடிமனில் கைநழுவிய வெள்ளி! - துப்பாக்கியை ‘டியூன்’ செய்வது எதற்காக?

ஒரு கை பேன்ட் பாக்கெட்டில், முகத்தில் சாதாரண மூக்குக்கண்ணாடி, மேலே ஒரு டி-ஷர்ட். டீ குடிக்கக் கிளம்பியவர் வழியில் நின்று சுட்டுவிட்டுப் போனமாதிரி ஒரு மனிதர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் நேரத்தில் உங்கள் இன்ஸ்டா ஃபீடில் இவர் வராமல் இருந்திருக்க மாட்டார். துருக்கியின் யூசுஃப் டிகெச், அப்போது வயது 51. கலப்பு இரட்டையர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெள்ளி வென்றவர்.

‘மத்தவங்க எல்லாம் ரோபோ மாதிரி லென்ஸ் மாட்டிக்கிட்டு நிக்குறாங்க, இவர் எதுவுமே இல்லாம வந்து மெடல் தட்டிட்டுப் போயிட்டார்’ என்று மீம்கள் பறந்தன. பார்க்க ஜாலிதான். ஆனால், அதில் பாதிதான் உண்மை. லென்ஸ் இல்லை, கண் மறைப்பு இல்லை, சரி. அவர் கையில் இருந்த பிஸ்டல்? அது மற்றவர்கள் வைத்திருந்த அதே ரகப் போட்டித் துப்பாக்கி. அதில் மாற்றக்கூடியது எல்லாமே மில்லிமீட்டரிலும் கிராமிலும் அளந்து செட் செய்யப்படும்.

அதே போட்டியில் வெண்கலம் யாருக்கு என்று ஞாபகம் இருக்கிறதா? நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 28 அன்று, தனிநபர் பிரிவிலும் மனு வெண்கலம் வென்றிருந்தார். அந்த ஃபைனலில் அவர் எடுத்தது 221.7. அந்தக் கட்டத்தில் அவரைத் தாண்டிப் போன கொரியாவின் கிம் யே-ஜி எடுத்திருந்தது 221.8. வித்தியாசம் வெறும் 0.1!

ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். உங்கள் ஏடிஎம் கார்டை எடுத்து விளிம்பைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். 22 ஷாட்களில் ஏதாவது ஒன்று அந்தக் கார்டின் தடிமன் அளவுக்கு மையத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால், இருவரும் சமன்.

இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், துப்பாக்கியும் தோட்டாவும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சொதப்பினால் என்ன ஆகும்? அப்படிச் சொதப்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் ‘டியூனிங்’ என்று பெயர். சினிமா பார்த்துவிட்டு ‘பவரைக் கூட்டுவாங்கபோல’ என்று நினைத்தால், அது தப்பு. இங்கே யாருக்கும் பவர் தேவையில்லை. முதல் ஷாட் எப்படிப் போனதோ, அறுபதாவது ஷாட்டும் அப்படியே போக வேண்டும். அந்த ‘அச்சு அசல்’தான் எல்லாமே.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவைப் பேப்பரில் லேசாக ஒரு தடவை வைத்து எடுத்தால் விழும் புள்ளி, அவ்வளவுதான். அதை நோக்கி வரும் பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். அதாவது, பெல்லட்டைவிட டார்கெட் சின்னது. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். ஆனால், போட்டி அதோடு முடிவதில்லை. 10.1, 10.2 என்று 10.9 வரை தசம மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு 0.1-க்கும் நடுவில் இருப்பது கால் மில்லிமீட்டர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் நின்ற நிலை, மூச்சு, பார்வை எல்லாம் பக்கா. 10.5 விழ வேண்டிய ஷாட். ஆனால், பெல்லட் சரியில்லாததால் 1 மில்லிமீட்டர் வெளியே தள்ளிவிட்டது. மதிப்பெண் 10.1. நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே 0.4 போச்சு. தகுதிச்சுற்றில் 60 ஷாட்கள். எல்லா ஷாட்டிலும் இப்படி நடக்காது, சிலது அதிர்ஷ்டத்தில் உள்ளேயும் வரும். ஆனால், மொத்தக் கணக்கில் இந்தச் சிதறல் உங்களைக் கீழேதான் இழுக்கும். மேல்மட்டப் போட்டிகளில் ஃபைனலுக்குப் போகும் எட்டாவது ஆளுக்கும், பெட்டியைக் கட்டும் ஒன்பதாவது ஆளுக்கும் நடுவில் இருப்பதே சில தசமங்கள்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஷாட் வெளியே போனது உங்கள் தப்பா, துப்பாக்கியின் தப்பா என்று தெரியாவிட்டால், எதைத் திருத்துவீர்கள்? விரலைத் திருத்த வேண்டிய இடத்தில் சைட்டைத் திருப்புவீர்கள். சைட்டைத் திருப்ப வேண்டிய இடத்தில் உங்களையே சந்தேகப்படுவீர்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தும் மதிப்பெண் ஏறாமல் நொந்துபோகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

முதல்ல குரூப், அப்புறம்தான் சென்டர்

ஐந்தோ பத்தோ ஷாட்கள் சுட்டால் டார்கெட்டில் விழும் ஓட்டைகளின் கூட்டத்துக்கு ‘குரூப்’ என்று பெயர். டியூனிங்கின் மொத்தப் பாடமும் இந்தக் குரூப்பைப் படிப்பதில்தான் இருக்கிறது.

எல்லா ஓட்டைகளும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, ஆனால் மையத்திலிருந்து தள்ளி இருந்தால், சந்தோஷப்படுங்கள். சைட்டை நாலு கிளிக் திருப்பினால் சரியாகிவிடும். ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறினால்தான் பிரச்னை. அதில் ஒன்று தற்செயலாக நடுவில் விழுந்திருந்தாலும் அதைப் பார்த்துக் கைதட்டக் கூடாது. சைட்டை எவ்வளவு திருப்பினாலும் சிதறல் குறையாது.

மூன்று ஷாட் சுட்டு ‘அடடா, ஒரே ஓட்டைல மூணு!’ என்று ஸ்டேட்டஸ் போடுவதும் ஆபத்து. மூன்று ஷாட் அதிர்ஷ்டத்தில்கூட சேர்ந்து விழலாம். பத்து ஷாட், அதுவும் இரண்டு மூன்று தடவை சுட்ட பிறகுதான் அந்தத் துப்பாக்கி உண்மையைச் சொல்லும்.

ஒரு டின், ஒரு லாட் நம்பர்

ஏர் ரைஃபிள் பெல்லட் பார்ப்பதற்கு இடுப்பு ஒடுங்கிய குட்டி உடுக்கைபோல இருக்கும். போட்டிக்கான பெல்லட்டின் முன்பக்கம் தட்டையாக இருக்கும். பேப்பரில் கிழிசல் இல்லாமல் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழுவதற்காக அந்த வடிவம். ரைஃபிளுக்கான பெல்லட் ஒன்றின் எடை சுமார் அரை கிராம். பெரும்பாலும் ஈயம். ஈயம் மென்மையான உலோகம் என்பதால் டின்னைக் கீழே போட்டாலே பின்பக்கப் ‘பாவாடை’ நசுங்கிவிடும். நசுங்கிய பெல்லட் நேராகப் போகாது.

டின்னின் மேல் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெல்லட்டின் தலை அளவு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கு எதற்குத் தனித்தனி டின்? ஏனென்றால், ஒவ்வொரு பேரலின் உட்புறமும் ஒரு துளி வேறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் நம்பர் என்றாலும், ஒன்றுக்கு 4.49 பிடிக்கும், இன்னொன்றுக்கு 4.51 பிடிக்கும். எது பிடிக்கும் என்று அட்டவணை பார்த்துச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகத் துப்பாக்கியை, அல்லது பேரலை மட்டும், அசையாத இரும்புப் பிடியில் இறுக்கிவிடுவார்கள். மனிதக் கை இல்லை, கண் இல்லை. பத்து மீட்டரில் ஒவ்வொரு ரக பெல்லட்டிலும் பத்து ஷாட். பேரலுக்குப் பிடித்த பெல்லட் என்றால் பத்தும் சேர்ந்து ஒரே ஒரு ஓட்டைபோலத் தெரியும், ஒற்றை பெல்லட் போட்ட ஓட்டையைவிட ஒரு துளி பெரிதாக. பிடிக்காத பெல்லட் என்றால் அந்த ஓட்டை பூப்போல விரிந்துவிடும்.

பிடித்த பெல்லட் கிடைத்ததும் அதே பிராண்டை வாங்கினால் மட்டும் போதாது, டின்னின் அடியில் இருக்கும் லாட் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். ஒரே மெஷின், ஒரே அச்சில் வந்த பெல்லட்கள் அவை. அடுத்த லாட்டில் அச்சு லேசாகத் தேய்ந்திருக்கலாம். பட்டுப்புடவைக்கு பார்டர் நூல் வாங்கும்போது ‘அதே சாயம்தானே?’ என்று அம்மாக்கள் கேட்பார்களே, அதே லாஜிக். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு சீசனுக்குத் தேவையான டின்களை ஒரே லாட்டில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள்.

சிலிண்டருக்குள்ளே என்ன நடக்குது?

இப்போதைய போட்டி ஏர் ரைஃபிளிலும் பிஸ்டலிலும் பேரலுக்குக் கீழே ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருப்பார்கள். உங்கள் பைக் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வரும். அப்படியென்றால் பெல்லட்டின் வேகமும் குறைய வேண்டுமே? அங்கேதான் ரெகுலேட்டர் வருகிறது. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தீரப்போனாலும் அடுப்பில் ஜுவாலை ஒரே மாதிரி எரிகிறது இல்லையா? அந்த வேலையைத்தான் இங்கேயும் ரெகுலேட்டர் செய்கிறது. சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தை மட்டும் உள்ளே விடும். ரைஃபிள் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். பத்து மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்கு.

ரெகுலேட்டர் பழசானால் அல்லது சீல் தேய்ந்தால் வேகம் தாறுமாறாகும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது. வேகத்தை அளக்கும் ‘குரோனோகிராஃப்’ கருவியில் பத்து ஷாட் சுட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். இன்னொரு முக்கிய விஷயம்: சிலிண்டருக்கு எக்ஸ்பயரி தேதி உண்டு. பத்து வருடம் தாண்டிய சிலிண்டரைச் சர்வதேசப் போட்டிகளில் அனுமதிக்க மாட்டார்கள். 200 பார் என்பது விளையாட்டல்ல என்பதால் கிளப்பிலும் அந்தத் தேதியைப் பார்ப்பது நல்லது.

500 கிராம் ரகசியம்

டியூனிங்கில் விரலோடு நேரடியாகப் பேசும் பாகம் ட்ரிகர். ஏர் பிஸ்டலில் அதை இழுக்க ஆகும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. போட்டிக்கு முன்னால் 500 கிராம் எடைக்கட்டியை ட்ரிகரில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் செங்குத்தாகத் தூக்கிப் பார்ப்பார்கள். கட்டி மேலே எழும்ப வேண்டும், ட்ரிகர் விழக் கூடாது. போட்டி முடிந்த பிறகும் சிலரைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அப்போது ஃபெயில் ஆனால் எடுத்த மதிப்பெண் எல்லாம் காலி.

அதனால் வீரர்கள் 500-க்கு ஒரு துளி மேலே செட் செய்வார்கள். ரொம்ப மேலே போனால் விரல் இழுக்கும்போது துப்பாக்கி ஆடும். சரியாக 500-ல் நிறுத்தினால், ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் தகுதி இழப்பு. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய கோடு.

எடை மட்டுமல்ல, ட்ரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டம் தளர்வாக வந்து ஒரு சுவரில் முட்டியதுபோல நிற்கும். இரண்டாவது கட்டத்தில் கண்ணாடிக் குச்சி உடைவதுபோல ‘டக்’கென்று விட வேண்டும். அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பது விரலுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சாட்சி. 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கடைசி ஷாட்டுக்கு முன்னால் 3.3 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். சுமாராகச் சுட்டாலே தங்கம். துப்பாக்கியை டார்கெட்டுக்கு இறக்கிக்கொண்டு வரும்போது விரல் ட்ரிகரில் பட்டுவிட, ஷாட் கிளம்பிவிட்டது. விழுந்தது 4.4. தங்கத்திலிருந்து நேராக நாலாவது இடம். துப்பாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை. லேசான ட்ரிகர் ஒரு வரம், விரல் ஒரு நொடி முந்தினால் அதே ட்ரிகர் சாபம்.

பிந்த்ரா திருப்பிய கிளிக்குகள்

அதே பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஃபைனல் தொடங்கும் முன் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. டார்கெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கணக்கில் சேராத ‘சைட்டர்’ ஷாட்கள் கொடுப்பார்கள். தகுதிச்சுற்றில் 600-க்கு 596 எடுத்த அவருடைய முதல் சைட்டர் ஷாட் விழுந்த இடம் 4. தகுதிச்சுற்றுக்கும் ஃபைனலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ரைஃபிளின் சைட் இடம் மாறியிருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நம்மில் பலர் அந்த இடத்தில் ‘எனக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்று உடைந்துபோயிருப்போம். பிந்த்ராவுக்குத் தன் ரைஃபிள் எப்படிச் சுடும் என்பது உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். தன் கையால் 4 விழ வாய்ப்பில்லை, ஆக மாறியது சைட்தான். ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகரும் அந்தத் திருகைத் திருப்பித் திருப்பி, இருந்த சில நிமிடங்களில் மையத்துக்குக் கொண்டுவந்தார். கடைசி ஷாட்டுக்கு முன்னால் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினென் அவரோடு சமநிலையில் இருந்தார். பிந்த்ரா அடித்தது 10.8. மொத்தம் 700.5. தங்கம்.

மாதக்கணக்கில் பெல்லட்டையும் ட்ரிகரையும் சோதித்துச் சோதித்து ஒரு துப்பாக்கியை நம்பகமாக்குவதன் பலன் இதுதான். கோளாறு வந்தால், அது எங்கே வந்தது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

தோட்டாவையே கையால் செய்றவங்க

ஏர் ரைஃபிள் வரைக்கும் பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். வெடிமருந்து உள்ள துப்பாக்கிகளில் கதை இன்னும் ஆழமாகப் போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீண்ட தூர இலக்குப் போட்டிகளில் சுடுபவர்கள் பலர் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. தாங்களே ஒவ்வொன்றாகச் செய்துகொள்கிறார்கள். இதற்குப் பெயர் ‘ஹேண்ட்லோடிங்’.

ஒரு தோட்டாவில் நாலு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் பின்னால் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முன்னால் புல்லட். சுட்ட பிறகு புல்லட் போய்விடும், மருந்து எரிந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதுவும் சுட்ட நேரத்தில் விரிந்து, அந்தத் துப்பாக்கியின் அறைக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல ஆகியிருக்கும். அதை மறுபடி பயன்படுத்தினால் பணமும் மிச்சம், பொருத்தமும் கச்சிதம்.

இவர்கள் கூடுகளை எடை வாரியாகப் பிரிப்பார்கள், நீளத்தைச் சமமாக வெட்டுவார்கள். மருந்தை அளக்கும் அலகு ‘கிரெய்ன்’, அது சுமார் 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இல்லாமல் நகைக்கடைத் தராசுபோல நிறுப்பார்கள். புல்லட் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதையும் அளப்பார்கள். நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும். 10 மீட்டரில் வேகம் கொஞ்சம் மாறினால் பெரிதாகத் தெரியாது. கிலோமீட்டர் தூரத்தில் அது டார்கெட்டையே தவறவிட வைத்துவிடும்.

அப்படியென்றால் பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலையில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேவும் தோட்டாவைக் கையால் செய்வாரா? மாட்டார், செய்யவும் முடியாது. ஒலிம்பிக்கில் ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் இருப்பது .22 தோட்டா. அதில் தீப்பொறி மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் அந்த விளிம்பு நசுங்கிவிடும், அவ்வளவுதான். மறுபடி நிரப்ப வழியில்லை.

அதனால் அங்கே பெல்லட் கதையேதான். தோட்டாவைச் செய்ய முடியாதவர்கள் தோட்டாவைத் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எலி, ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவா என்று தயாரிப்பாளர்களே டெஸ்ட் ரேஞ்ச் வைத்திருக்கிறார்கள். வீரர்கள் தங்கள் ரைஃபிளோடு போய், அதை இரும்புப் பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த லாட்டிலிருந்து மொத்தமாக வாங்கி வருவார்கள். மாப்பிள்ளைக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல, பேரலுக்குத் தோட்டாப் பொருத்தம்.

ஒரு முக்கியக் குறிப்பு. ஹேண்ட்லோடிங் என்பது யூடியூப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யும் விஷயமே இல்லை. அளவு பிசகினால் துப்பாக்கியே முகத்துக்கு முன்னால் வெடிக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு. நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையை மட்டும்தான்.

எல்லாம் சரியா இருந்தும் நின்னுபோனா?

டியூனிங்கின் இன்னொரு பாதி, துப்பாக்கி நடுவழியில் கைவிடாமல் இருப்பது. 2021 ஜூலை 25, டோக்கியோ. மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று. 75 நிமிடங்களில் 60 ஷாட்கள் முடிக்க வேண்டும். அப்போது மனு பாக்கருக்கு வயது 19. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பிஸ்டலில் கோளாறு. வெளியே எடுத்துப்போய், பாகத்தை மாற்றி, திரும்ப வந்து நின்றபோது கடிகாரம் வெகுதூரம் ஓடியிருந்தது. மீதி ஷாட்களை அவசர அவசரமாகச் சுட வேண்டிய நிலை. எடுத்தது 575, 12-வது இடம். எட்டாவதாக ஃபைனலுக்குப் போனவர் எடுத்தது 577.

‘ஸ்பேர் பிஸ்டல் எடுத்துக்க வேண்டியதுதானே?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். கிரிக்கெட் பேட் மாற்றுவதுபோல இல்லை இது. பிஸ்டலின் மரப்பிடியை ஒவ்வொருவரும் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி அரம் போட்டு ராவி, மரப்பசை பூசி, உப்புத்தாள் தேய்த்து மாதக்கணக்கில் செதுக்கியிருப்பார்கள். ட்ரிகர் எடை, சைட், சமநிலை என்று எல்லாமே அந்த ஒரு பிஸ்டலோடு விரலுக்குப் பழகியிருக்கும். ஸ்பேரும் அச்சு அசலாக இருந்தாலொழிய, அது வேறொருவரின் செருப்பைப் போட்டு ஓடுவதுபோலத்தான்.

இரண்டு புள்ளியில் கண்ணீரோடு திரும்பிய அதே மனு, மூன்று வருடம் கழித்து ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்களோடு வந்தார். இடைப்பட்ட வருடங்களில் வளர்ந்தது அவருடைய மனசும் பயிற்சியும்தான். ஆனால், பாரிஸில் அதைக் காட்ட, துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்ய வேண்டியிருந்தது.

புதுசா ஆரம்பிக்கிறீங்களா? இதைக் கவனிங்க!

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி எனப் பல ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது கூடிய கூட்டம் ஞாபகம் இருக்கும். அதன் பிறகு ‘இதெல்லாம் நம்ம ஊர்லயே இருக்கா?’ என்று விசாரித்தவர்கள் ஏராளம். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர். ஆக, நமக்கு அந்நியமான விளையாட்டு இல்லை இது. நீங்களும் கிளம்பினால் இவற்றை மனதில் வையுங்கள்.

* முதல் நாளே துப்பாக்கி வாங்காதீர்கள். சில மாதங்கள் கிளப் துப்பாக்கியில், கோச் மேற்பார்வையில் சுடுங்கள். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்பது அதன் பிறகுதான் தெரியும்.

* வாங்கும்போது, போட்டி பெல்லட் இரண்டு மூன்று ரகத்தில் ஒவ்வொரு டின் எடுத்துச் சோதியுங்கள். இரும்புப் பிடி இல்லாவிட்டால் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பத்து ஷாட், இரண்டு தடவை.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெல்லட்டையும் ட்ரிகரையும் ஒரே நாளில் மாற்றினால், முன்னேற்றம் எதனால் வந்தது என்று தெரியாது.

* ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெல்லட் லாட், ட்ரிகர் எடை, சைட் கிளிக், மதிப்பெண். செல்போன் நோட்ஸ் என்றாலும் ஓகே. ஆறு மாதம் கழித்து உங்களுக்கு நல்ல கோச் அந்த நோட்டுதான்.

* திருகுகளை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். சைட் திருகு அரைச்சுற்று தளர்ந்தாலே குரூப் சிதறும். எலெக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் போட்டிக்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள்.

* பேரலைத் தினமும் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். இதற்கென்றே விற்கும் பஞ்சு பெல்லட்டை அவ்வப்போது பேரலுக்குள் விட்டு எடுத்தால் போதும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கோச்சிடம் கேளுங்கள்.

* பெல்லட் ஈயம் என்பதை மறக்காதீர்கள். வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் ஸ்நாக்ஸ் பக்கம் போகாதீர்கள்.

* சுடாத நேரத்தில் பேரலுக்குள் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும். பெல்லட் இல்லை என்று நூறு சதவிகிதம் தெரிந்தாலும், யாரை நோக்கியும் துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. இதில் விளையாட்டுக்கே இடமில்லை.

இவ்வளவும் செய்தால் 10.9 விழுந்துவிடுமா? விழாது. எவ்வளவு டியூன் செய்தாலும் துப்பாக்கி உங்களுக்காகச் சுடாது. நின்ற நிலை, மூச்சு, விரல், மனசு எல்லாம் நீங்களேதான் பழக வேண்டும். ஆனால், நன்றாக டியூன் செய்த துப்பாக்கி ஒரு காரியம் செய்யும். ஷாட் 9-ல் விழுந்தால், அது யாருடைய 9 என்று மறைக்காமல் சொல்லும். அது உங்களுடையது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, அடுத்த ஷாட்டில் திருத்த வேண்டியது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.